கல்லூரி மாணவரும் கணினித் திறனும்

(யூபிலி ஆண்டின் கல்வி நாளன்று, கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நன்றி சொல்கிறோம். கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறோம். அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றும் எண்ணிப் பார்க்கிறோம். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் மூத்த குடும்பங்கள் பாடிக்கு வந்து சேர்ந்த கதையை இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் நன்கறிவார்கள். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கிற்று. 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் சுந்தரம் கிளேட்டன் என்று பாடியைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. அம்பத்தூர் எஸ்டேட் வளர்ந்தது. கிராமங்களிலிருந்து கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்த இளைஞர்கள் இங்கே தொழிலாளிகளாகி, குடும்பஸ்தர்களாகி, வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களுடைய உழைப்பில்தான் நம் ஆலயமும் எழுந்தது.

அந்தப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லேத் மெஷினுக்கு முன்னால் போய் நின்றதனால் மட்டும் உங்களில் யாராவது டர்னர் ஆனீர்களா? இல்லை. ஐ.டி.ஐ.யில் படித்தீர்கள். அப்ரெண்டிஸாகப் பல மாதம் நின்றீர்கள். வெர்னியர் காலிப்பரைப் பிடிக்கவும், வரைபடத்தைப் படிக்கவும், அளவு தவறிய ஜாப்பை மறுபடியும் செய்யவும் கற்றீர்கள். தொழில் பழகுவது அவ்வளவு முக்கியம் என்பதனால்தான் 1961-இல் நாடாளுமன்றம் அதற்கென்றே அப்ரெண்டிஸ் சட்டத்தை இயற்றிற்று. கருவி வேறு, தொழில் வேறு என்பதை உங்கள் கைகள் அறியும்.

ஆனால் அதே நீங்கள் இன்று உங்கள் பிள்ளையைப் பற்றி என்னிடம் என்ன சொல்லுகிறீர்கள்? "சாமி, என் பையன் செல்போனில் புலி. எல்லாம் அவனுக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லுகிறீர்கள். நான் மறுக்கவில்லை. ஆயினும் பங்கு அலுவலகத்தில் அமர்ந்து நான் காண்பது வேறாக இருக்கின்றது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்குத் தன் பயோடேட்டாவைத் தானே அடிக்கத் தெரியவில்லை. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அடித்து வாங்குகிறது. உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைக்காரர் நிரப்புகிறார். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கின்றது. சான்றிதழ் எங்கே என்றால், "யாருக்கோ வாட்ஸப்பில் அனுப்பினேன், அந்தப் போன் உடைந்துவிட்டது" என்று பதில் வருகிறது. இந்தப் பிள்ளை நாள்தோறும் நான்கு மணி நேரம் செல்போனைப் பார்க்கிறது. பார்ப்பது வேறு, அதைக்கொண்டு வேலை செய்வது வேறு அல்லவா?

இது பெரும்பாலும் நம்மைப் போன்ற எளிய குடும்பங்களின் துன்பம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படித்த பெற்றோருடைய பிள்ளைக்கு வீட்டிலேயே அப்பாவோ அக்காளோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? கல்லூரியில், "இது தெரிந்திருக்குமே" என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வீட்டில், "இவனுக்குத் தெரியாததா" என்று எண்ணி விட்டுவிடுகிறோம். நடுவில் பிள்ளை வாய் திறவாமல் தவிக்கிறது.

அப்படியானால் தெரிந்திருக்க வேண்டியவை எவை? ஐரோப்பிய நாடுகள் 2013-ஆம் ஆண்டு இதற்கென ஒரு வரையறை வகுத்தன. செய்திகளைத் தேடி எடை போடுதல், பிறரோடு முறையாகத் தொடர்பு கொள்ளுதல், தானே ஒன்றை ஆக்குதல், பாதுகாப்பாயிருத்தல், சிக்கல் வந்தால் தீர்த்தல் என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்தார்கள். அந்த ஐந்தையும் மனத்திற்கொண்டு, நம் பிள்ளைகளுடைய நிலைக்கு ஏற்றவாறு சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கைப்பழக்கம். பத்து விரலாலும் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தாய்மாரில் பலர் மாலை வேளைகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் தேறியவர்கள். அந்தத் தேர்ச்சி அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது. கட்டைவிரலால் செல்போனில் அடித்துப் பழகிய பிள்ளை, இருபது பக்க ப்ராஜெக்ட் அறிக்கையை அடிக்க வேண்டிய நாளில் திணறிப் போகிறது. நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சில மாதங்களில் கை தானே ஓடும்.

ஆங்கிலத்தோடு தமிழிலும் அடிக்கப் பழகுங்கள். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூலான 'தம்பிரான் வணக்கம்', 1578-இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் முயற்சியால் வெளிவந்தது. அன்று புதிதாய் வந்த கருவிக்குள் நம் எழுத்தைக் கொண்டுவர எவ்வளவு உழைத்திருப்பார்கள்! நம் காலத்திலும் அப்படியே உழைத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' என்ற விசைப்பலகை முறையைத் தமிழக அரசு தரப்படுத்திற்று. உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆக 31 எழுத்துகளின் இடம் தெரிந்தால் போதும். அவற்றைச் சேர்த்து 247 எழுத்துகளையும் அடித்துவிடலாம். பிறர் நமக்காகச் செய்து வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நாம் பயன்படுத்தாமல், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருக்கலாமா?

இதோடு சேர்ந்ததுதான் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் பழக்கம். பருவத்துக்கு ஒரு ஃபோல்டர், பாடத்துக்கு ஒரு ஃபோல்டர், பெயரும் தேதியும் இட்ட பைல். முக்கியமானது எதுவும் ஓர் இடத்தில் மட்டும் இருக்கலாகாது. பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ இரண்டாம் பிரதி இருக்கட்டும். சான்றிதழ்களுக்காக மத்திய அரசு 2015-இல் டிஜிலாக்கரைத் தொடங்கிற்று. அதில் வழங்கப்படும் சான்றிதழ் சட்டப்படி மூலச் சான்றுக்கு ஒப்பானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவிலிருந்த சான்றிதழ்கள் நனைந்து பாழாய்ப் போன குடும்பங்கள் சென்னையில் எத்தனை! அதை நேரில் கண்டவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

எக்செல்லையும் விட்டுவிடாதீர்கள். அது கணக்கியல் மாணவருக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டு மாதச் செலவை அதில் போட்டுப் பாருங்கள். வட்டிக்கு வாங்கிய கடனில் மாதந்தோறும் அசல் எவ்வளவு குறைகிறது என்று உங்கள் அப்பாவுக்குக் கணக்கிட்டுக் காட்டுங்கள். நீங்கள் கற்றது வீட்டுக்குப் பயன்படுவதை அன்றே காண்பீர்கள்.

இரண்டாவது, தேடி அறிதல். கூகுளில் முதலில் வருவதைப் பார்த்து எழுதிவிடுவது தேடலாகாது. நூலகத்துக்குள் போய் வாசலருகே இருக்கும் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு ஒப்பானது அது. காசில்லாமல் கற்க எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. ஐ.ஐ.டி.க்கள் ஏழும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தில், கிண்டிக்குள் நுழைய இடம் கிடைக்காத பிள்ளையும் அந்தப் பேராசிரியரின் பாடத்தைக் கேட்கலாம். 2017-இல் வந்த ஸ்வயம் தளத்திலும் பாடம் கேட்பது இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்குத்தான் கட்டணம். கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இருக்கிறது. தமிழ் படிப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, உண்மையை எடை போடுதல். இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் ஒரு வதந்தி பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் அப்படியே கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைத் தொடங்கியவன் ஒருவனாக இருக்கலாம். ஆனால் அதை அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் கெட்டவர்களல்லர். நம்மைப் போல் பிள்ளை பெற்றவர்கள், பயத்தினால் அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எந்திரத்துக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். விரலுக்கு நாம்தான் போட வேண்டும்.

ஆகவே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, வீட்டில் இதற்கு நீங்கள்தான் காவல். செய்தி ஒன்று வந்தால், இதை முதலில் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், வேறு நம்பத்தகுந்த இடத்தில் இது வந்திருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பழைய படத்தைப் புதிய செய்தியோடு ஒட்டி அனுப்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்தப் படத்தையே கூகுளில் கொடுத்துத் தேடினால் அது எந்த ஆண்டில் வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது; அடுத்த பருவத்திலேயே நம் பிள்ளைகளின் அசைன்மென்ட்டுகளில் அதன் நடை தெரியலாயிற்று. அதை நான் குறை கூற வரவில்லை. விளங்காத பாடத்தை எளிமையாக்கச் சொல்லிக் கேட்கலாம்; ஆங்கிலப் பிழையைத் திருத்தச் சொல்லலாம்; நேர்முகத் தேர்வுக்குக் கேள்விகள் கேட்கச் சொல்லிப் பழகலாம். கேட்க வெட்கப்படும் பிள்ளைக்கு அது பொறுமையுள்ள துணையாக இருக்கிறது. ஆனால் அது தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், ஒரு விமானக் கம்பெனிக்கு எதிரான வழக்கில், அது எழுதித் தந்ததை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அதில் காட்டியிருந்த முன் தீர்ப்புகளில் ஆறு உலகத்தில் எங்குமே இல்லாதவை என்று தெரிய வந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். பல்லாண்டு தொழில் செய்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், இரண்டாம் ஆண்டு மாணவரின் கதி என்ன?

இன்னொன்றும் உண்டு. பிறர் எழுதியதை நம்முடையதென்று காட்டுவது பொய். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கு விதிகளே வகுத்திருக்கிறது. ஆய்வேட்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பிறருடைய எழுத்தோடு ஒத்திருந்தால் திருத்தச் சொல்வார்கள். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆனால் தண்டனைக்குப் பயந்து மட்டும் இதை நான் சொல்லவில்லை. அசைன்மென்ட் எழுதுவது பேராசிரியருக்குத் தாள் சேர்ப்பதற்காக அன்று. உங்கள் மூளை பழகுவதற்காக. அப்ரெண்டிஸ் தன் ஜாப்பைக் காசு கொடுத்து இன்னொருவனிடம் செய்து வாங்கிக் காட்டினால் நஷ்டம் யாருக்கு?

நான்காவது, தொடர்பு கொள்ளும் முறை. தன் பெயரில் கண்ணியமான மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமா வில்லனின் பெயரில் வைத்திருக்கும் முகவரியிலிருந்து வேலைக்கு விண்ணப்பித்தால் எந்தக் கம்பெனி மதிக்கும்? பேராசிரியருக்கு எழுதும்போது பொருள் என்ன என்று மேலே ஒரு வரி, வணக்கம், விஷயம் சுருக்கமாக, கீழே பெயரும் வகுப்பும் பதிவெண்ணும். இணைப்பை முறையான பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், மேசை விரிப்போடும் காலிடைவெளியோடும் எடுத்த போட்டோவை அனுப்பாதீர்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் ஏற்பாடு செய்தார்கள். இப்படிப்பட்ட உதவிகளில் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், ஆதார் இணைப்பு விட்டுப் போனாலும் பணம் நின்றுவிடும். அதைப் பார்த்துத் திருத்த நாலு பேரிடம் கெஞ்ச வேண்டிய நிலை உங்களுக்கு வரலாகாது.

ஐந்தாவது, பாதுகாப்பு. 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் டீக்கடையிலும் செல்போனில் பணம் கொடுக்கிறோம். வசதி பெருகிற்று, கள்ளர்களும் பெருகினார்கள். சிலவற்றைப் பெற்றோர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது மோசடி. ஓ.டி.பி. எண்ணை எந்த வங்கியும் கேட்காது. "உங்களை வீடியோவிலேயே கைது செய்திருக்கிறோம்" என்று போலீஸ் உடையில் ஒருவன் மிரட்டினால் நடுங்காதீர்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு விரைவில் சொல்லுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

மாணவர்களுக்கென்றே விரிக்கப்படும் வலை ஒன்றைத் தனியாகச் சொல்லுகிறேன். "உன் வங்கிக் கணக்கைச் சில நாளைக்குக் கொடு, வந்து போகும் பணத்தில் கமிஷன் தருகிறோம்" என்பார்கள். அந்தப் பணம் எங்கோ ஓர் ஏழையிடம் திருடியது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரையே. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு வழக்கில் சிக்கினால், வேலை, பாஸ்போர்ட் எல்லாம் தடைபடும். இது வேண்டாம், பிள்ளைகளே.

பெண் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தை வைத்து யாராவது மிரட்டினால், குற்றவாளி மிரட்டுகிறவனே தவிர, மிரட்டப்படுகிறவள் அல்லள். வீட்டில் சொன்னால் முதல் கேள்வியே "நீ ஏன் போட்டோ போட்டாய்?" என்று இருந்தால், அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்காது. திறக்காத வாயைத்தான் மிரட்டுகிறவன் நம்பியிருக்கிறான். அம்மா, அப்பா, முதலில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு புகார் கொடுக்கப் போங்கள்.

இன்னும் ஒன்று. 2023-ஆம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வு, கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பற்றியது. தமிழகத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் அதில் இடம்பெற்றது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் நூற்றுக்கு 44 பேர் அளவில் சொந்தமாகப் போன் வைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகளில் 20 பேர் அளவிலேயே வைத்திருந்தார்கள். நாம் நகரத்தில் இருக்கிறோம். ஆனால் நம் வீட்டிலும் மடிக்கணினி ஒன்று இருந்தால் அது அண்ணன் கையிலா, தங்கை கையிலா என்று இன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கருவி கொடுப்பதில் அரசு பங்கு ஆற்றியிருக்கிறது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆயினும் வந்த மடிக்கணினி சினிமா பார்க்கும் பெட்டியாகி, பிறகு பாதி விலைக்கு விற்கப்பட்டதையும் நாம் கண்டிருக்கிறோம். பயிற்சி தருவது பக்கத்தில் இருப்பவர்களால்தான் ஆகும்.

எனவே பங்குப் பேரவைக்கு நான் வைத்த வேண்டுகோளை உங்கள் முன்பாகவும் வைக்கிறேன். யூபிலி நினைவாக முகப்பில் தோரண வாயில் ஒன்று கட்ட வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை தவறன்று. ஆனால் அதற்குத் திரட்டும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, நம் சிற்றரங்கின் மாடியறையில் பத்துக் கணினிகளும் நல்ல இணைய இணைப்பும் வைத்து, மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்து வைப்போம் என்கிறேன். வாயில் இரண்டு ஆண்டு பொறுக்கும்; இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்குப் பொறுக்க நேரமில்லை. அறை வேற்றுமையின்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் உரியதாயிருக்கட்டும். எந்தச் சமயத்தவர் என்று கேட்க வேண்டாம்.

கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. பெற்றோர் ஆலையில் உழைத்த அதே அம்பத்தூர் எஸ்டேட்டில், இன்று கண்ணாடிக் கட்டடங்களில் கணினி வேலை செய்யும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் நன்கொடையாகப் பணம் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். உங்களுக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுத்திருப்பார். அதை அடுத்த பிள்ளைக்குச் செய்யுங்கள். மாணவர்களே, நீங்கள் கற்றவுடன் உங்கள் அன்பியத்திலுள்ள முதியோர் ஒருவருக்காவது ஓய்வூதியத் தாளையும் மின்கட்டணத்தையும் செல்போனில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கற்க விரும்புவோர் ஒரு பக்கத்திலும், கற்பிக்க முன்வருவோர் எதிர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நிரம்பினால், பேரவைக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிராது.

 இறைவன் நம் பிள்ளைகளின் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.